காலனிக் காலத் தனியார் வங்கி நோட்டுகள்: பெட்டியில் கிடைத்தவை பற்றி ஒரு கேள்வி

செட்டிநாட்டுப் பேரன்

எல்லோருக்கும் வணக்கம். நான் சேகரிப்புக்குப் புதியவன். போன மாதம் ஊர் வீட்டில் இரண்டாம் கட்டு அறையைச் சுத்தம் செய்தபோது ஐயாவின், அதாவது என் தாத்தாவின், தகரப் பெட்டி ஒன்று கிடைத்தது. அதில் மூன்று காகிதங்கள் இருந்தன.

ஒன்று, வாழை மரப் படம் போட்ட 10 டாலர் நோட்டு. இரண்டாவது, அரசர் தலை அச்சிட்ட நீளமான காகிதம். அதில் தமிழில் கையால் ஏதோ தொகை எழுதியிருக்கிறது. மூன்றாவது, பிரெஞ்சில் அச்சிட்ட ஒரு ரூபாய் நோட்டு. பிரெஞ்சு அரசாங்க நோட்டாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதை அப்பச்சி (அப்பாவை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்) எப்போதோ லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.

ஆனால் நான் கேட்க வந்தது வேறு. இந்தப் பெட்டியைப் பார்த்ததிலிருந்து பழைய தனியார் வங்கி நோட்டுகள் மேல் ஆசை வந்துவிட்டது. இணையத்தில் தேடியபோது ஒருவர் பேங்க் ஆஃப் மெட்ராஸ் 100 ரூபாய் நோட்டு வைத்திருப்பதாகச் சொல்லிப் படம் அனுப்பினார். நாற்பதாயிரம் கேட்கிறார், பாதி முன்பணம். தேதி 12 மார்ச் 1842 என்று கையால் எழுதியிருக்கிறது. கையெழுத்தும் இருக்கிறது, தாள் நன்றாகப் பழுத்திருக்கிறது. வாங்கலாமா?

வராகன்

தம்பி, முதலில் ஒன்று. முன்பணம் அனுப்பிவிட்டீர்களா? அனுப்பவில்லை என்றால் அனுப்பவே வேண்டாம்.

பேங்க் ஆஃப் மெட்ராஸ் வேலையைத் தொடங்கியது 1843 ஜூலை 1ஆம் தேதி. 1842 மார்ச்சில் அந்த வங்கியே கிடையாது. இல்லாத வங்கி நோட்டு வெளியிட முடியாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கக்கூடத் தேவையில்லை, தேதியே போதும்.

இந்தத் துறைக்கு வருகிறவர்கள் நோட்டைப் பார்க்கும் முன்னால் வங்கிகளின் பிறப்பு இறப்புத் தேதிகளை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. நான் முப்பது வருடமாக அப்படித்தான் செய்கிறேன். கல்கத்தாவில் அலெக்சாண்டர் அண்ட் கோ என்ற ஏஜென்சி நிறுவனம் 1770இல் பேங்க் ஆஃப் ஹிந்துஸ்தான் தொடங்கியது. அந்த நிறுவனம் 1832இல் நொடித்தபோது வங்கியும் உடன் போனது. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்து ஜெனரல் பேங்க் ஆஃப் பெங்கால் அண்ட் பீகார் 1773 முதல் 1775 வரை இரண்டே வருடம் இருந்தது. 1806இல் பேங்க் ஆஃப் கல்கத்தா தொடங்கியது, 1809 ஜனவரியில் பேங்க் ஆஃப் பெங்கால் என்று பெயர் மாறியது. பம்பாய் வங்கி 1840, நம் சென்னை வங்கி 1843. பம்பாயிலேயே கமர்ஷியல் பேங்க் ஆஃப் இந்தியா 1845இல் வந்து 1866 நெருக்கடியில் மூழ்கியது.

அப்புறம் 1861இல் காகிதப் பணச் சட்டம் வந்தது. 1862 மார்ச் 1 முதல் பிரிட்டிஷ் இந்தியாவில் நோட்டு வெளியிடும் உரிமை அரசுக்கு மட்டும் என்றானது. அதனால் பேங்க் ஆஃப் மெட்ராஸ் நோட்டு என்றால் 1843க்கும் 1862க்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். இருபது வருடம்கூட முழுதாக இல்லை. வங்கி மட்டும் 1921 வரை இருந்தது. பெங்கால், பம்பாய் வங்கிகளோடு சேர்ந்து இம்பீரியல் வங்கியாகி, 1955இல் ஸ்டேட் வங்கியானது. இன்று சென்னை ராஜாஜி சாலையில் நாம் பார்க்கும் சிவப்புக் கட்டடம் அந்த வழியில் வந்ததுதான்.

உண்மையான மெட்ராஸ் நோட்டு ஒன்று வெளியே வந்தால் நாற்பதாயிரத்துக்குக் கிடைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொடியெழுத்து

பேரன் அண்ணா, எனக்கும் இதே மாதிரி நடந்தது, ஆனால் நான் பணம் கொடுத்துவிட்டேன். பேங்க் ஆஃப் பெங்கால் நோட்டு என்று ஒருவர் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். கோடுகள் எல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகளாக இருந்தன. அந்தக் காலத்தில் தகட்டில் கோடாகச் செதுக்கி அச்சடித்தார்கள், மை தாளுக்கு மேல் லேசாகப் புடைத்து நிற்கும். விரல் நுனியில்கூடத் தெரியும். புள்ளியாகத் தெரிந்தால் அது இந்தக் காலத்து அச்சு.

அப்புறம் புற ஊதா விளக்கு. கடையில் கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருப்பார்களே, அந்தச் சின்ன விளக்கு போதும். தாளை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் வேதிப்பொருள் இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் காகித ஆலைகளில் பரவியது. பழைய கந்தல் துணிக் காகிதம் அந்த விளக்கில் மங்கலாகவே கிடக்கும். என்னுடையது பளீரென்று நீலமாக எரிந்தது. தாளுக்குப் பழுப்பு நிறம் தேயிலைத் தண்ணீரில் வந்திருக்கிறது.

ஒன்றரை வருடம் ஆகிறது, இன்னும் அந்தக் காகிதத்தை வைத்திருக்கிறேன். புதிதாக எதை வாங்கினாலும் முதலில் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்.

செட்டிநாட்டுப் பேரன்

வராகன் ஐயா, பொடியெழுத்து, இருவருக்கும் நன்றி. பணம் இன்னும் அனுப்பவில்லை. தேதியைப் பற்றிக் கேட்டேன், "அது 1848, எழுத்து மங்கியிருக்கிறது" என்றார். படத்தில் 2 தெளிவாகத் தெரிகிறது. பிறகு ரிசர்வ் வங்கிக்கு வரி கட்ட வேண்டும், அதற்குத் தனியாக மூவாயிரம் என்றார். அது உண்மையா?

வராகன்

இல்லை. ரிசர்வ் வங்கி பழைய நோட்டு வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை, அதற்காக யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை. அவர்கள் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அவர்களே எச்சரிக்கை வெளியிட்டார்கள். பேச்சை இத்தோடு முடித்துவிடுங்கள்.

கண்டிச்சீமை

பேரன் தம்பி, உங்கட பெட்டியில இருக்கிற அரசர் தலைக் காகிதம் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது நோட்டு இல்லை, உண்டியல், அதாவது இன்னாருக்கு இந்த ஊரில் இவ்வளவு பணம் கொடு என்று எழுதும் பத்திரம். கடன் பத்திரம், பணம் மாற்றும் பத்திரம் எழுதுவதற்கு அரசு முத்திரை அச்சிட்ட தாள் விற்றது. அந்த அரசர் தலை வரிக்கான முத்திரை, தொகையும் பெயரும் செட்டியார்களே எழுதிக்கொண்டது. நிறையப் பேர் இதை நோட்டு என்று நினைத்துவிடுவார்கள். நோட்டு இல்லாவிட்டாலும் பத்திரமாக வையுங்கள். யார் யாருக்கு எந்த ஊரில் பணம் கொடுக்கச் சொன்னார் என்று உங்கள் குடும்பக் கதை அதில் இருக்கும்.

இங்கே இலங்கையிலும் தனியார் வங்கி நோட்டுத்தான் ஒரு காலம் வரை ஓடியது. கோப்பித் தோட்டக் காலம் அது. ஓரியண்டல் பேங்க் கோர்ப்பரேஷன் நோட்டை நம்பித்தான் வியாபாரம் நடந்தது. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. தோட்டம் தோட்டமாக அழிந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த வங்கி 1884 மே மாதம் கதவைச் சாத்தியது. சம்பளமாகவும் கடை வரவாகவும் வாங்கிய நோட்டு ஒரே நாளில் வெறும் தாளாகப் போகிற நிலை. அப்போது ஆளுநராக இருந்த சர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசு பொறுப்பு என்று அறிவித்தார். அதே வருடம் சட்டம் கொண்டுவந்து, 1885 ஜனவரி முதல் இலங்கை அரசே நோட்டு வெளியிட்டது.

எனக்கு இந்தக் கதைதான் சேகரிப்பின் உயிர். அரசு பொறுப்பெடுத்ததால் மக்கள் ஓடிப்போய் நோட்டை மாற்றிவிட்டார்கள். மாற்றியதை அழித்துவிட்டார்கள். மக்களுக்கு நல்லது நடந்ததால்தான் இன்று அந்த நோட்டு அபூர்வம். நான் இருபது வருடமாகத் தேடி ஒன்றையும் சொந்தமாக்கவில்லை, அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததோடு சரி.

காகிதக் கிறுக்கு

கண்டிச்சீமை அண்ணன் சொன்னது முக்கியமான விஷயம். எல்லாத் தனியார் வங்கி நோட்டுக்கும் இது பொருந்தும். "கொண்டுவருபவருக்குக் கேட்டவுடன் தருவேன்" என்ற வாக்குறுதிதான் நோட்டு. வாக்குறுதி நிறைவேறினால் தாள் வங்கிக்குத் திரும்பும், கையெழுத்தை வெட்டுவார்கள், துளை போடுவார்கள், கடைசியில் எரிப்பார்கள். இன்று மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் மூன்று வகை. அச்சகம் மாதிரிக்காக அடித்த புரூஃப், வங்கிகளுக்கு அனுப்பிய ஸ்பெசிமன், எண்ணும் தேதியும் எழுதாமலே மிஞ்சிப்போன வெற்று நோட்டுகள். உண்மையில் கை மாறிப் புழங்கிய நோட்டு கிடைப்பது அரிது.

அதனால்தான் எனக்கு ஒரு சந்தேகம் நெடுநாளாக உண்டு. புரூஃபை நோட்டு என்று சொல்லலாமா? யாரும் அதைக் கொடுத்து ஒரு படி அரிசி வாங்கவில்லை. எந்த மடியிலும் முடிந்து வைக்கப்படவில்லை.

வராகன்

கிறுக்கு சார், இந்த விஷயத்தில் உங்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். புரூஃப் இல்லையென்றால் அந்தக் கலையே நமக்குத் தெரியாமல் போயிருக்கும். பேங்க் ஆஃப் பெங்கால் நோட்டு எப்படி மாறியது என்று பாருங்கள். முதலில் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டார்கள். ஒரு தங்க மொகரா, அதாவது வங்காளத்தில் அன்று ஓடிய சிக்கா ரூபாய் பதினாறு, பிறகு 100, 250, 500 என்று மதிப்புகள். அடுத்த வரிசையில் துறைமுகத்தில் அமர்ந்த பெண் உருவம், வணிகத்தின் உருவகம். மதிப்பை உருது, வங்காளம், நாகரி என மூன்று எழுத்திலும் போட்டார்கள், பின்பக்கமும் அச்சிட்டார்கள். நூற்றாண்டின் நடுவில் அந்தப் பெண் போய், பிரிட்டனின் உருவகமான பிரிட்டானியா வந்தாள். கள்ள நோட்டுக்குப் பயந்து நிறங்களும் சிக்கலான கோலங்களும் கூடிக்கொண்டே போயின. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் ஒரு கள்ள நோட்டுக்காரன் நிற்கிறான். இந்த வரிசை முழுதும் நம் கண்ணுக்குக் கிடைப்பது புரூஃபாலும் ஸ்பெசிமனாலும்தான்.

பம்பாய் வங்கி நோட்டில் டவுன் ஹால் படம், பம்பாய் ஆளுநர்களாக இருந்த எல்ஃபின்ஸ்டன், மால்கம் சிலைகள். மெட்ராஸ் வங்கி நோட்டில் ஆளுநர் தாமஸ் மன்றோ. மன்றோவை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தீவுத்திடல் பக்கம் போகும்போதெல்லாம் அப்பா பேருந்து ஜன்னல் வழியாகக் காட்டி, "பார், குதிரையில் கால் வைக்கும் அங்கவடியே இல்லை" என்பார். அந்தச் சிலை 1839இல் வந்தது. நாலு வருடம் கழித்து வந்த வங்கி அதே மனிதரின் உருவத்தைத் தன் நோட்டில் போட்டது. சென்னை வணிகர்களுக்கு நம்பிக்கை தர அவர் முகம் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். இந்த ஒரு படத்துக்காகவே நான் இந்தத் துறைக்கு வந்தேன்.

காகிதக் கிறுக்கு

ஐயா, கலைக்காகச் சேர்ப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஊசித் துளையும் எண்ணெய்க் கறையும் பட்ட ஒரு நோட்டைப் பார்க்கும்போது எனக்கு வரும் உணர்ச்சி பளபளப்பான புரூஃபில் வருவதில்லை. தனியார் நோட்டை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அன்று சட்டக் கட்டாயம் கிடையாது. வேண்டாம் என்று மறுக்கலாம். வாங்கினவன் நம்பி வாங்கினான். அந்தக் கறைதான் அந்த நம்பிக்கைக்குச் சாட்சி.

இன்னொன்றும் கேட்கிறேன். பெங்கால், பம்பாய், மெட்ராஸ் என்ற மூன்று மாகாண வங்கிகளையும் தனியார் என்று சொல்வது சரியா? பேங்க் ஆஃப் பெங்காலின் 50 லட்ச மூலதனத்தில் 10 லட்சம் கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் பங்கு. மெட்ராஸில் 30 லட்சத்தில் 3 லட்சம்.

வராகன்

கலப்பு என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். ஆனால் மீதிப் பங்கு தனியாருடையது, நோட்டுக்குப் பொறுப்பு வங்கியுடையது. அரசு நோட்டு என்று 1861க்கு முன்னால் சொல்ல முடியாது. ஏல அட்டவணைகளிலும் இவை தனியார் மற்றும் மாகாண வங்கிகள் என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் வருகின்றன.

கறை பற்றி நீங்கள் சொன்னதை இரண்டு நாளாக யோசிக்கிறேன். அதில் உண்மை இருக்கிறது. என்னிடம் அப்படி ஒன்றுகூட இல்லை.

புதுவைக்காரி

எல்லோரும் மெட்ராஸ், பெங்கால் என்று போய்விட்டீர்கள். பேரன் தம்பியின் மூன்றாவது காகிதத்தை யாருமே பார்க்கவில்லையே!

தம்பி, அந்த ஒரு ரூபாய் நோட்டின் மேல் பாங்க் தெ லாந்தோஷின் என்று பெயர் இருக்கிறதா? இருந்தால் அது பிரெஞ்சு அரசாங்க நோட்டு இல்லை. பங்குதாரர்கள் போட்ட பணத்தில் 1875இல் தொடங்கிய தனியார் வங்கி அது. எங்கள் ஊரில் இந்தோசீனா வங்கி என்பார்கள். இந்தோசீனாவுக்கும் பிரெஞ்சு இந்தியாவுக்கும் நோட்டு வெளியிடும் உரிமையை பிரெஞ்சு அரசு அந்த வங்கிக்குக் கொடுத்திருந்தது. பிரிட்டிஷ் பகுதியில் தனியார் நோட்டு 1862இல் முடிந்துபோனது. புதுச்சேரி, காரைக்காலில் அதற்கு எண்பது வருடம் கழித்தும் ஒரு தனியார் வங்கியின் ரூபாய் நோட்டு கையில் புழங்கியது. முதலில் 10, 50 ரூபாய்கள் வந்தன. ஒரு ரூபாய் முதல் உலகப் போருக்குப் பிறகு வந்தது. 5 ரூபாய் 1937 முதல்.

நீங்கள் நாற்பதாயிரத்துக்குத் தேடியது உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது.

என் தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தார். சம்பளம் இந்த நோட்டில்தான். பாட்டி அதை எண்ணும்போது பிரெஞ்சில் எண்ண மாட்டார், "இது கவுர்னர் காசு" என்பார். கவுர்னர் காசு இல்லை, வங்கிக் காசு என்று நான் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. என்னிடம் ஒரு ரூபாய் நோட்டுகள் நாலு இருக்கின்றன, நாலிலும் மடிப்புக் கோடு மூன்று. சுருக்குப் பையில் மடித்து வைத்த கோடு.

செட்டிநாட்டுப் பேரன்

அக்கா, கை நடுங்குகிறது. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ஆமாம், நீங்கள் சொன்ன பெயர்தான். ஒரு ரூபாய்தான்.

ஆனால் லேமினேட் செய்திருக்கிறதே. பிரித்து எடுக்கலாமா? ஊரில் ஒருவர் இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் பிரிந்துவிடும் என்கிறார்.

ஏட்டுக்காப்பு

தயவுசெய்து சூடு காட்டாதீர்கள்! நான் காகிதப் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன், அதனால் அவசரமாக எழுதுகிறேன்.

லேமினேட் செய்யும்போது பிளாஸ்டிக்கின் உள்பக்கப் பசை சூட்டில் உருகி காகித நாருக்குள் இறங்கிவிடுகிறது. மறுபடி சூடு காட்டினால் இன்னும் ஆழமாக இறங்கும். இழுத்தால் அச்சின் மேல்தோல் பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். கரைப்பான் வைத்துப் பிரிக்கும் முறை உண்டு, ஆனால் அது பயிற்சி பெற்றவர் ஆய்வகத்தில் செய்ய வேண்டியது, அங்கும் எல்லாமே காப்பாற்றப்படும் என்று சொல்ல முடியாது. ஓரங்களைக் கத்தரிக்கவும் வேண்டாம். இப்போதைக்கு அப்படியே வெயில் படாத, சூடு ஏறாத அலமாரியில் வையுங்கள்.

மற்ற காகிதங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கிழிசலில் செலோ டேப் ஒட்டாதீர்கள், பத்து வருடத்தில் பழுப்புப் பட்டையாகக் காகிதத்தைத் தின்றுவிடும். கடையில் கிடைக்கும் மெல்லிய பி.வி.சி. ஆல்பம் வேண்டாம், நாளாக ஆக அது காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். நம் கடலோர ஊர்களில் காற்றின் ஈரம்தான் பெரிய எதிரி. உறைகளை ஒரு டப்பாவில் போட்டு சிலிகா ஜெல் பொட்டலம் வையுங்கள், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். இராமபாணப் பூச்சி ஒரு வாரத்தில் ஒரு மூலையை முடித்துவிடும். கழுவுவது, இஸ்திரி போடுவது, அழிப்பான் தேய்ப்பது எதுவும் கூடாது. காகிதக் கிறுக்கு சார் சொன்ன கறையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

பொடியெழுத்து

கழுவிய நோட்டைத் தரம் பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதையும் சேர்க்கிறேன். வெளிநாட்டுத் தரச்சான்று நிறுவனங்கள் 70க்கு மதிப்பெண் போடுகின்றன. கழுவியது, ஓரம் வெட்டியது, ஒட்டியது என்றால் உறையிலேயே குறிப்பு எழுதிவிடுவார்கள். உறையில் அடைத்துச் சான்று வாங்குவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை, தாளைத் தொட்டுப் பார்க்கும் சுகம் போய்விடுகிறது. ஆனால் ஒரு முறை ஏமாந்தவனுக்கு அது தரும் நிம்மதி பெரிது.

பேரன் அண்ணா, வாழை மர நோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது 1942 முதல் மலாயாவை ஜப்பான் பிடித்திருந்தபோது வெளியிட்டது. எண்ணின் முன்னால் எம் என்ற எழுத்து இருக்கும். போர் முடிந்ததும் ஒரு காசுக்கும் பயனில்லாமல் போனது. அதனால் மாற்ற முடியாமல் அப்படியே பெட்டிகளில் தங்கிவிட்டது, இன்று நிறையக் கிடைக்கிறது. தனியார் நோட்டு இல்லை. யாராவது லட்சம் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

கண்டிச்சீமை

கவனித்தீர்களா? கண்டிச் சீமையில் ஓடிய வங்கி நோட்டு மாற்றப்பட்டதால் அழிந்தது. மலாயா நோட்டு மாற்ற முடியாததால் தங்கியது. உங்கள் ஐயா பினாங்கில் இருந்தாரா தம்பி?

செட்டிநாட்டுப் பேரன்

ஐயா பினாங்கில் பெட்டியடியாக, அதாவது கடையில் சம்பளத்துக்குச் சிறு வேலையாளாகச் சேர்ந்து பிறகு தனியாகக் கடை வைத்தார் என்று கேள்வி. பிரெஞ்சு நோட்டு எப்படி வந்தது என்றுதான் புரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் புதுச்சேரி போனதில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். வெளிநாட்டு ஏலத்தில் இந்த நோட்டுக்கு நல்ல விலை போவதாக மச்சான் சொல்கிறார். அங்கே அனுப்பி விற்கலாமா?

வராகன்

விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம் தம்பி. சட்டத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த பொருளைத் தனியாள் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. வரலாற்று மதிப்புள்ள ஆவணங்களுக்கு 75 வருடம் என்று இன்னும் குறைவு. உங்கள் உண்டியல் காகிதத்துக்கும் இது பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. உள்நாட்டில் வாங்கலாம், விற்கலாம், உரிமம் பெற்ற ஏல நிறுவனங்கள் இங்கேயே இருக்கின்றன. வெளிநாட்டு ஏலத்தில் வாங்கிக் கொண்டுவருவதற்கும் தடை இல்லை, சுங்கத்தில் சரியாகக் கணக்குக் காட்ட வேண்டும்.

லேமினேட் செய்த ஒரு ரூபாய்க்குச் சந்தையில் பெரிய விலை வராது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

விலைக்கு முன்னால் ஒருமுறை நேரில் நல்ல நோட்டுகளைப் பாருங்கள். மும்பையில் ரிசர்வ் வங்கியின் பண அருங்காட்சியகம் 2004 முதல் இருக்கிறது, மாகாண வங்கி நோட்டுகளை அங்கே பார்க்கலாம். நமக்குப் பக்கம் என்றால் பெங்களூரு. ரெஸ்வான் ரசாக் தன் வாழ்நாள் சேகரிப்பை இந்தியக் காகிதப் பண அருங்காட்சியகமாக அங்கே வைத்திருக்கிறார். அரை நாள் ஒதுக்கிக்கொண்டு போங்கள். உண்மையான தகட்டு அச்சை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போலி தானாகவே உறுத்தும்.

புதுவைக்காரி

தம்பி, புதுச்சேரி போகாவிட்டாலும் காரைக்கால் இருக்கிறதே. அங்கேயும் இதே நோட்டுத்தான். நாகப்பட்டினம், நாகூர் பக்கம் வியாபாரம் பார்த்தவர்கள் கையிலும் வந்திருக்கும். 1954 நவம்பர் 1இல் எங்கள் ஊர்கள் இந்தியாவோடு சேர்ந்தன, நோட்டும் அத்தோடு போனது. அதற்கு முன்னால் பெட்டிக்கு வந்த நோட்டாகத்தான் இருக்கும். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

செட்டிநாட்டுப் பேரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அந்த ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெங்களூருக்குப் போய்வந்தேன். கண்ணாடிக்குள் மன்றோவைத் தேடிக்கொண்டு நெடுநேரம் நின்றேன். வராகன் ஐயா சொன்ன அந்தத் தகட்டுக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு வந்த படம் எவ்வளவு தட்டையானது என்று புரிந்தது.

திரும்பி வந்து அப்பத்தாவிடம் நோட்டைக் காட்டினேன். அவருக்கு வயது தொண்ணூற்று மூன்று. கண் சரியாகத் தெரியாது, பிளாஸ்டிக்கின் மேலேயே தடவிப் பார்த்தார். முதலில் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் கூப்பிட்டார். ஐயா பினாங்கிலிருந்து வந்த பிறகு இரண்டு வருடம் காரைக்காலில் ஒரு கடையில் கணக்கு எழுதினாராம். அதை வீட்டில் யாரிடமும் சொல்ல மாட்டாராம், சொந்தக் கடை வைத்திருந்தவர் மறுபடி சம்பளத்துக்குப் போனது அவருக்குத் தாங்கவில்லை. முதல் மாதச் சம்பளத்தில் ஒரு ரூபாயை மட்டும் செலவு செய்யாமல் அப்பத்தாவிடம் கொடுத்து, "இதைப் பெட்டியில் போடு" என்றாராம். அப்பச்சிக்கும் இது தெரியாது. பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் லேமினேட் செய்திருக்கிறார்.

விற்கவில்லை. ஏட்டுக்காப்பு, உங்கள் வேலையில் இருக்கும் ஒருவரைச் சென்னையில் பார்க்க முடியுமா? பிரிக்கச் சொல்லி இல்லை. இன்னும் எத்தனை வருடம் இந்தப் பிளாஸ்டிக்குள் அது தாங்கும் என்று கேட்க வேண்டும்.

ஏட்டுக்காப்பு

நிச்சயமாகப் பார்க்கலாம். தனிச் செய்தியில் விவரம் அனுப்புகிறேன். வரும்போது உண்டியலையும் எடுத்து வாருங்கள், தமிழ்க் கணக்கெழுத்து வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் எங்களோடு வேலை செய்கிறார். நோட்டை இரண்டு அட்டைக்கு நடுவில் வையுங்கள், வளைக்க வேண்டாம், காரில் வந்தால் வெயில் படும் பக்கம் வைக்க வேண்டாம்.

புதுவைக்காரி

தம்பி, என் நாலு நோட்டில் ஒன்று உங்களுக்கு. லேமினேட் ஆகாதது, மூன்று மடிப்போடு இருக்கும். அப்பத்தா கையில் கொடுங்கள், தாளாகவே ஒரு முறை தொட்டுப் பார்க்கட்டும்.